ஒன்பதாவது குறிப்பு

போன சனிக்கிழமை உங்கள் கூட்டத்திலிருந்து பாதியில் எழுந்து போனதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நாற்காலியை அவ்வளவு சத்தமாகத் தள்ளியதற்கு வேண்டுமானால் கேட்கிறேன். கோபத்துக்குக் கேட்க மாட்டேன், அது இன்னும் அப்படியே இருக்கிறது.

நீங்கள் நான்கு பேர். தேக்காவில் தெருத்தெருவாக நடந்து, கைத்தொலைபேசியில் வரும் புதிர்களை அவிழ்த்து, கடைசியில் ஒளித்து வைத்த விடையைக் கண்டுபிடிக்கும் போட்டி ஒன்றை உருவாக்கியிருக்கிறீர்கள். முப்பது வருடம் புதிர் போட்டவன் என்பதால் என்னைப் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டீர்கள். ஆறு பக்கம் வரை சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஏழாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நீங்களே ஒரு பொய் விடையைத் தயாரித்து வைப்பீர்கள், அதை எந்த அணி எழுதினாலும் செயலி அந்த அணியைத் தானாகவே நீக்கிவிடும். விசாரணை கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

உங்களில் மூத்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். “அங்கிள், காப்பி அடிச்சா மட்டும்தான் அந்த ஆன்சர் வரும் லா. சீட்டர்ஸ பிடிக்கத்தான்.”

இதே வாக்கியத்தை இதே சிரிப்போடு நான் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் எழுந்து போனேன். ஏன் என்று அன்றைக்கு நின்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்திருந்தால் உங்களைத் திட்டியிருப்பேன், திட்டு வாங்க வேண்டியது நீங்கள் இல்லை.

எனக்கு இந்த வேலையை முதலில் கொடுத்தவர் ஒரு வார இதழின் துணையாசிரியர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. குறுக்கெழுத்தோ தர்க்கப் புதிரோ எதை எடுத்துப் போனாலும் முதலில் அவர் கேட்பது ஒன்றுதான். “யாரு போட்டுப் பார்த்தா?” நான்தான் பார்த்தேன், சரியாக வருகிறது என்று சொன்னால் தாளை என் பக்கமே திருப்பித் தள்ளுவார். “நீ பார்த்தா சரியாத்தான் வரும். உனக்குத்தான் விடை தெரியுமே. ஒண்ணுமே தெரியாத ஒருத்தர்கிட்ட குடு. குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு உக்காரு.” அச்சுக்கூடத்து ஆள், கீழே கோப்பிக் கடையில் தே தண்ணி கலக்குபவர், யாராவது ஒருவர் புதிரைப் போட்டுப் பார்க்காமல் அவர் ஒரு கட்டத்தையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. ஒரு சொல்லை மாற்றினாலும் மறுபடி முதலிலிருந்து. எனக்கு எரிச்சலாக வரும். அவர் போன பிறகு அந்த வழக்கத்தை நான் இருபது வருடம் காப்பாற்றினேன். ஒரே ஒரு நாள் விட்டேன்.

அப்போது தேக்காவில் ஒரு சமூக அமைப்பு வருடா வருடம் புதிர்ப் போட்டி நடத்தியது. புதிர்கள் எல்லாம் என்னுடையவை. முந்தைய வருடம் இரண்டு அணிகள் ஒரே தவறான விடையை எழுதிவிட்டன. உடனே ஏற்பாட்டுக் குழுவில் பேச்சு கிளம்பியது, விடைத்தாள் வெளியே போகிறது என்று. ஐந்து தொண்டூழியர்களிடம் முன்கூட்டியே விடைத்தாளைக் கொடுப்பது வழக்கம், அவர்களில் ஒருவர்தான் என்றார்கள். அப்படி ஒரு கசிவு உண்மையிலேயே இருந்ததா என்று இன்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இரண்டு பேர் ஒரே மாதிரி தவறு செய்யக் கூடாதா? அன்று அதை நான் கேட்கவில்லை. ஏனென்றால் எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டது, யோசனை வந்துவிட்டால் புதிர்க்காரனுக்குக் காது கேட்காது.

யோசனை இதுதான். இறுதிச் சுற்றின் கடைசிப் புதிருக்குத் தொண்டூழியர்களிடம் கொடுக்கும் விடைத்தாளில் வேண்டுமென்றே ஒரு பொய் விடையைப் போடுவேன். உண்மையான விடை என்னிடம் மட்டும். போட்டியாளர் யாராவது அந்தப் பொய் விடையை எழுதினால், அவர் விடைத்தாளைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். குழுவில் எல்லோரும் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்கள். “காப்பி அடிச்சா மட்டும்தான் அந்த விடை வரும்” என்றேன். செயலாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அந்தக் கடைசிப் புதிரைச் சொல்கிறேன், சுலபம்தான். ஐந்தடிப் பாதையை ஒட்டி வரிசையாக ஐந்து கடைகள், இடப்பக்கத்திலிருந்து ஒன்று முதல் ஐந்து வரை எண். ஒரு பூக்கடை, ஒரு மாவு மில், ஒரு புத்தகக் கடை, ஒரு நகைக்கடை, ஒரு தையல்கடை. உரிமையாளர் யார், எந்த ஊர், என்ன குடிப்பார் என்றெல்லாம் மேலே அடுக்கியிருந்தேன், அவற்றை விடுங்கள். பத்துக் குறிப்புகளைப் படித்து, ஒன்றாம் எண் கடை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை பூக்கடை. பொய் விடையாக நான் தேர்ந்தெடுத்தது தையல்கடை. அது வரிசையின் மறுமுனை. தெரியாமல் தவறுபவர் பக்கத்துக் கடையில் போய் விழுவார், யாரும் தற்செயலாக அந்தக் கோடி வரை தவற மாட்டார்கள் என்பது என் கணக்கு. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் செம்பவாங்கில் மகள் வீட்டுக்கு எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு போய்க்கொண்டிருந்தேன். ஆதரவாளரின் சின்னத்தைப் பெரிதாகப் போட வேண்டுமாம், தாளில் இடம் போதவில்லையாம், கடைசிப் புதிரில் ஒரே ஒரு குறிப்பை எடுத்தால் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடுமாம். அச்சகத்தில் ஆள் காத்திருக்கிறார் என்றார்.

“அண்ணே, ஒண்ணுதான். எதை எடுக்கலாம்னு சொல்லுங்க, இப்பவே அடிச்சிடுவாங்க.”

நான் கண்ணை மூடிப் பத்துக் குறிப்பையும் மனதில் ஓட்டினேன். பூக்கடை ஒரு முனையில். நகைக்கடைக்குப் பக்கத்தில் தையல்கடை. மாவு மில்லுக்கும் நகைக்கடைக்கும் நடுவில் ஒரே ஒரு கடை. எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. ஒன்பதாவது குறிப்பு, ‘மாவு மில் நகைக்கடைக்கு இடப்பக்கம் இருக்கிறது’ என்பது. அதுதான் ஏற்கெனவே தெரிகிறதே, எதற்குத் தண்டமாக என்று தோன்றியது.

“ஒன்பதை எடுத்துடுங்க” என்றேன்.

ஏற்கெனவே தெரிந்தது எனக்குத்தான். அந்த வரிசையை உருவாக்கியவன் நான், என் தலைக்குள் பூக்கடை எப்போதும் இடப்பக்கம்தான் நின்றது. பத்துக் குறிப்புகளில் இடம், வலம் என்று சொன்னது அந்த ஒன்று மட்டும். மற்றவை எல்லாம் பக்கத்தில், நடுவில், முனையில் என்றுதான் பேசின. அதை எடுத்த பிறகு வரிசையை அப்படியே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டாலும் எல்லாக் குறிப்பும் பொருந்தும். திருப்பிப் போட்டால் ஒன்றாம் எண் கடை, தையல்கடை. நான் விரித்த வலைக்குள் நானே ஒரு சரியான விடையைக் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த நிலையத்தில் இறங்கி, பக்கத்தில் நிற்பவரிடம் அந்தப் புதிரைக் கொடுத்திருந்தால் போதும். நான் மகள் வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

இறுதிச் சுற்று சமூக மன்ற மண்டபத்தில் நடந்தது. கூட்டம் நிறைய. கடைசிப் புதிர் வரை நேரத்துக்குள் வந்தவர்கள் மூன்றே அணிகள். இரண்டு அணிகளில் நான்கு நான்கு பேர், எல்லோரும் இளைஞர்கள். மூன்றாவது ‘அணி’ ஒரே ஒரு பெண்மணி. கலாவதி என்று பெயர், ஐம்பது வயதிருக்கும். புக்கிட் மேராவில் ஒரு பலதுறை மருந்தகத்தில் நோயாளிகளைப் பதிவு செய்யும் முகப்பில் வேலை. வாராவாரம் இதழில் வரும் என் புதிர்களுக்கு விடை எழுதி அனுப்புகிறவர், ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. அன்று காலையில் என்னிடம் வந்து, “அண்ணே, இன்னிக்கி உங்களை ஜெயிக்காம போறதில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய மேசைக்குப் பொறுப்பாக நின்ற தொண்டூழியர் முரளி, அவருடைய தங்கை மாலாவின் கணவர். யாரும் அதைத் திட்டமிடவில்லை, மேசைகளைச் சீட்டுப் போட்டுத்தான் பிரித்தோம். கடைசிப் புதிர் ஓடிக்கொண்டிருந்தபோது கலாவதி கையைத் தூக்கினார். முரளி குனிந்தார். அவர் ஏதோ கேட்டார், முரளி தலையை ஆட்டி இரண்டு சொல் சொல்லிவிட்டு நிமிர்ந்தார். மேடையிலிருந்து நான் அதைப் பார்த்தேன். செயலாளரும் பார்த்தார்.

விடைகள் வந்தன. பூக்கடை. பூக்கடை. தையல்கடை.

செயலாளர் என் காதருகே வந்து, அமைதியாக முடித்துவிடலாம், போட்டி முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்றார். எனக்குத் தாங்கவில்லை. பொறியில் எலி விழுந்துவிட்டது, பொறி செய்தவனுக்குக் கைதட்டல் வேண்டாமா? மைக்கை வாங்கினேன். விடைத்தாளில் எப்படிப் பொய்யை வைத்தேன், ஏன் வைத்தேன், அதை எழுதியவர் எப்படி எழுதியிருக்க முடியும் என்று விளக்கமாக, சுவாரசியமாக, நடுநடுவே நிறுத்திச் சொன்னேன். கூட்டம் சிரித்தது. பிறகு எல்லோரும் திரும்பி ஒரே மேசையைப் பார்த்தார்கள்.

கலாவதி எழுந்து நின்றார். “என் தாளைப் பாருங்க. கீழ எழுதியிருக்கேன்.”

“விடைப் பெட்டிக்குள்ள என்ன எழுதியிருக்கோ அது மட்டும்தான் கணக்கு. அது நீங்க கையெழுத்துப் போட்ட விதி” என்றேன்.

“சரி, அதே விதிப்படியே இன்னொரு தடவை போட்டுப் பாருங்க.”

“விடை ஒண்ணுதான்மா. புதிர் போட்டது நான்.”

மைக் என் கையில் இருந்தது, அவர் கையில் இல்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே போனார். அதுவரை ஒரு மூலையில் கல்லாக நின்ற முரளி தன் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வேறு கதவால் போனார். கோப்பையை இளைஞர்களுக்குக் கொடுத்தோம்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். குழு முரளியைக் கூப்பிட்டு விசாரித்தது. விடைத்தாள் எங்கே இருந்தது என்று கேட்டார்கள். பையில் என்றார். பை எங்கே இருந்தது? போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவர் குடும்பத்தோடு கலாவதி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார், பை சோபாவில் இருந்தது. தான் கொடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் அக்காதான் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நல்ல மனிதர், நேர்மையானவர், என் புதிரை நம்பி அக்காவைச் சந்தேகப்பட்டார். மாலாவும் நம்பினாள். அன்று மாலை அவள் கேட்ட கேள்வியைக் கலாவதி என்னிடம் அப்படியே சொன்னார். “அக்கா, நீ பையத் தொறந்தியா?”

அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. தீபாவளிக்கு வரவில்லை. கலாவதிக்குக் கல்யாணம் ஆகவில்லை, உறவு என்று இருப்பது அந்தத் தங்கை குடும்பம் மட்டும்.

ஒரே ஒரு தடவை கலாவதி எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். “அண்ணே, கோப்பை வேணாம். என் தாளை மட்டும் எடுத்துப் பாருங்க.” முடிந்துபோன போட்டி என்று சொல்லி வைத்துவிட்டேன். தாள்கள் இருந்த பெட்டி என் படுக்கையறை அலமாரியின் மேல் இருந்தது. நாற்காலி போட்டு ஏறினால் எடுத்துவிடலாம். நான்கு மாதம் நான் அந்த நாற்காலியைப் போடவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

நான்கு மாதம் கழித்து, செம்பவாங்கில் முதியோர் மையம் ஒன்றில் வாரம் ஒருமுறை புதிர் நேரம் நடத்தக் கேட்டார்கள். பழைய புதிர்களை எடுத்துக்கொண்டு போனேன், அந்தக் கடைசிப் புதிரும் அதில் இருந்தது, ஒன்பது குறிப்போடு. அங்கே கப்பல் பட்டறையில் இரும்புத் தகடு வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். அரை மணி நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தையல்கடை என்றார்.

“தப்புண்ணே. பூக்கடை” என்றேன்.

“அதுவும் வரும்.”

“ரெண்டும் எப்படிண்ணே வரும்?” எனக்குக் குரல் ஏறியது. அந்தப் புதிரைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குக் குரல் ஏறும் அப்போது. நான் விவாதம் செய்யச் செய்ய அவர் பேசாமல் எழுந்து, தான் கட்டம் போட்ட தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்ட வைத்தார், எழுதிய பக்கம் வெளியே பார்க்க. வெளிச்சத்தில் பின்னாலிருந்து கட்டங்கள் தெரிந்தன. வலது கோடியில் இருந்த பூக்கடை இடது கோடியில்.

“இப்பப் படிங்க தம்பி, உங்க குறிப்பை. ஒவ்வொண்ணா.”

படித்தேன். ஒன்பதும் பொருந்தின.

“கப்பல்ல அதே அளவுத் தகடு ரெண்டு பக்கமும் வரும். அட்டையத் திருப்பிப் போட்டா அந்தப் பக்கத்துத் தகடு. எந்தப் பக்கம்னு அட்டையில எழுதலன்னா நாங்க கையை வைக்க மாட்டோம். இரும்பு வீணாப் போயிரும்ல? உங்க தாள்ல எந்தப் பக்கம்னு யாருமே எழுதல.”

நான் அங்கிருந்து எப்படிக் கிளம்பினேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து நாற்காலியைப் போட்டேன். கலாவதியின் தாள் மேலிருந்து மூன்றாவது. இரண்டு வரிசையும் அழகாகப் போட்டிருந்தார், ஒன்றின் கீழ் ஒன்றாக, பூக்கடையில் தொடங்கி ஒன்று, தையல்கடையில் தொடங்கி ஒன்று. கீழே நிதானமான கையெழுத்தில் இருந்தது: ‘ஒன்பது குறிப்பும் இரண்டுக்கும் பொருந்துகிறது. எந்தப் பக்கம் என்று தொண்டூழியரைக் கேட்டேன். பதில் சொல்லக் கூடாதாம்.’

அவர் கையைத் தூக்கிக் கேட்டது அதைத்தான். தொண்டூழியர் புதிரைப் பற்றி எந்தக் கேள்விக்கும் வாய் திறக்கக் கூடாது என்று அவர்களுடைய அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தேன், அதுவும் என் விதி. முரளி விதியை மீறவில்லை. எங்கள் எல்லோருக்கும் அது குசுகுசுவென்று விடை சொன்னதாகத் தெரிந்தது. அந்த மண்டபத்தில் என் புதிரை ஒழுங்காக அவிழ்த்தவர் கலாவதி ஒருவர்தான். அவரைத்தான் திருடி என்று அவமானப்படுத்தினேன்.

தாளை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போனேன். தேக்காவில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். பிறகு தாளை மடித்து என் பக்கம் நகர்த்தினார்.

“அண்ணே, கப்பு குடுத்தாச்சு, போட்டோ போட்டாச்சு. இப்பப் போயித் தோண்டினா நம்ம எல்லாருக்கும் கெட்ட பேரு. அந்த அக்கா மறந்திருப்பாங்க. விட்டுடுங்களேன்.”

“அவங்க மறக்கணும்னு நீங்க முடிவு பண்றீங்களா?”

“சத்தம் போடாதீங்க லா. வேணும்னா ஒரு லெட்டர் போட்டு ஸாரி சொல்லிடலாம். பேரு போடாம.”

பெயர் போடாமல்! திருடி என்று சொல்லும்போது மைக், மன்னிப்புக்குப் பெயரில்லாத கடிதம். தே ஓவைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அவரைச் சொல்லி என்ன, மைக்கைப் பிடித்தது நான்தான்.

மறுநாள் புக்கிட் மேராவுக்குப் போனேன். கலாவதி கதவைத் திறந்தார், வெளிப்பக்க இரும்புக் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதாவது குறிப்பு, கண்ணாடி, தாள், அலமாரி. எதையும் மறைக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தனக்குத் தெரியாத எதையும் நான் சொல்லவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கும், அவருக்குத்தான் முதல் நாளே தெரியுமே.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றேன். “ரெண்டு விடை தெரிஞ்சும் ஏன் தையல்கடைய எழுதினீங்க?”

“பூக்கடைன்னா எல்லாரும் எழுதுவாங்க. முதல் குறிப்பிலயே வருது, கை தானா இடது பக்கம் போட்டுடும். ஃபைனல்ல நீங்க அவ்ளோ ஈஸியா வைக்க மாட்டீங்கன்னு நினைச்சேன். உங்க புதிர் மேல அவ்ளோ மரியாதை எனக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “இருந்துச்சு” என்றார்.

அவருடைய தாளைக் கம்பி வழியாக நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

“என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க?” அதுவரை அண்ணன் என்றவர் சார் என்றார். “எனக்குத் தெரியும் நான் எடுக்கலைன்னு. தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லுங்க. எந்த மைக்ல சொன்னீங்களோ அதே மைக்ல சொல்லுங்க.”

அடுத்த வருடப் போட்டி வரை காத்திருந்தேன். குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. தொடக்கத்தில் கூட்டத்தைச் சூடேற்ற ஒரு சின்னப் புதிர் கொடுப்பது வழக்கம், அதற்கு அந்த ஐந்து கடைப் புதிரையே அடித்துக் கொண்டுபோனேன், ஒன்பது குறிப்போடு. முதல் குறிப்பில் பூக்கடையை வைக்காமல் குறிப்புகளின் வரிசையைக் கலைத்து மட்டும் வைத்தேன். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு தாள். முரளிக்கும் மாலாவுக்கும் நேரில் போய் அழைப்பு வைத்திருந்தேன். முரளி வந்து கடைசி வரிசையில் நின்றார். மாலா வரவில்லை. கலாவதியும் வரவில்லை.

பதினைந்து நிமிடம் கழித்து மைக்கை வாங்கினேன். “பூக்கடை வந்தவங்க கையைத் தூக்குங்க.” மண்டபத்தில் பாதிக் கை. “தையல்கடை வந்தவங்க?” மீதிப் பாதி. சிரிப்பு, குழப்பம், ஒருவர் தாளை இன்னொருவர் எட்டிப் பார்ப்பது. சிரிப்பு அடங்கும் வரை நின்றேன்.

“யாரும் யாரையும் பார்த்து எழுதல. ரெண்டுமே சரி. புதிர் தப்பு. போன வருஷம் இதே இடத்துல தையல்கடைன்னு எழுதின கலாவதியைத் திருடின்னு சொல்லி நான் அவமானப்படுத்தினேன். அவங்க அப்பவே தாள்ல எழுதிக் கேட்டிருந்தாங்க, நான் படிக்கல. முரளி அவங்களுக்கு எதுவும் சொல்லல. தப்புப் பண்ணினது நான் ஒருத்தன்தான்.” பிறகு அவருடைய தாளை உரக்கப் படித்தேன், கடைசி வரி வரை. செயலாளர் ஒலிபெருக்கி ஆளிடம் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் அணைக்கவில்லை, அவர் கையில் இருந்த தாளிலும் தையல்கடைதான் வந்திருந்தது.

முரளி முழுவதையும் தன் தொலைபேசியில் படம் பிடித்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவும் சரிதான்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வாரமே குழு என்னை நீக்கியது, இதழிலும் என் பக்கத்தை நிறுத்தினார்கள். அதைத்தான் ஓய்வு என்கிறேன். அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். புதிரில் விடையை ஒளிப்பது நம் வேலை. விடை தேடுகிறவர் நம்மை நம்பி உட்கார்கிறார், எங்கோ ஒரு நியாயமான வழி இருக்கிறது என்று நம்பி. அவருக்குக் குழி வெட்டுவது நம் வேலை இல்லை. உங்கள் புதிர் பிழையே இல்லாதது என்று உங்களால் சொல்ல முடியாது, நீங்கள் விடை தெரிந்தவர்கள். செயலிக்கும் நீங்கள் சொல்லிக்கொடுத்த விடைதான் தெரியும். எனவே நீங்கள் எதிர்பாராத விடை வந்தால் முதலில் புதிரைச் சந்தேகப்படுங்கள், பிறகு புதிரை, பிறகும் புதிரை. ஆளை ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ‘எப்படிப் போட்டீங்க?’ என்று கேளுங்கள். ஒரு குறிப்பை, ஒரு சொல்லை மாற்றினாலும் விடை தெரியாத ஒருவரிடம் மறுபடி கொடுங்கள். அச்சகத்தில் ஆள் காத்திருந்தால் காத்திருக்கட்டும். ஏழாவது பக்கத்தை எடுத்துவிடுங்கள். எடுத்தால் வருகிறேன், உங்கள் புதிர்களை எல்லாம் போட்டுப் பார்க்கிறேன். எடுக்காவிட்டால் என் பெயரை எங்கும் போடாதீர்கள்.

போன மாதம் தேக்கா சந்தையில் கலாவதியைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை அசைத்தார், அவ்வளவுதான். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தங்கை வீட்டில் எப்படி என்று கேட்டேன். முரளி எடுத்த படத்தைப் பார்த்த பிறகு மாலா வந்து அழுதாள், காலில்கூட விழப் போனாள் என்றார். இப்போது பழையபடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார்களாம்.

“அப்ப எல்லாம் சரியாயிடுச்சு” என்றேன்.

அவர் ஒரு முருங்கைக்காயை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

“வர்றா சார். நல்லாப் பேசுறா, சிரிக்கிறா. ஆனா கைப்பையை மட்டும் சோபாவுல வைக்கிறதில்ல. சாப்பிடும்போதுகூட மடியிலேயே வெச்சிருக்கா. அவளுக்கே அது தெரியல.”